படக்குழாயின் கணக்கு: 128 ஏன் பாதியாவதில்லை?

ஓர் எண்முறைப் படத்தில் கறுப்புக்கு 0 என்றும் வெள்ளைக்கு 255 என்றும் எண் இடப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது 128. அந்த எண்ணைப் பெற்ற பிக்சல் வெள்ளையின் பாதி ஒளியைத் தரும் என்றுதான் பொறியியல் மாணவர் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது தருவது ஏறத்தாழ 22 விழுக்காடு ஒளி மட்டுமே. பாதி ஒளி வேண்டுமாயின் 188 என்ற எண்ணை இட வேண்டும். ஐயமுடையோர் தம் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். கறுப்புப் பிக்சலும் வெள்ளைப் பிக்சலும் சதுரங்கப் பலகை போல மாறி மாறி அமைந்த ஒரு பரப்பை வரைந்து, அதன் ஒருபுறம் 128 எண்ணுடைய சாம்பல் நிறத்தையும் மறுபுறம் 188 எண்ணுடைய சாம்பல் நிறத்தையும் வைத்துச் சற்றுத் தொலைவில் நின்று நோக்கினால், சதுரங்கப் பரப்பு 188உடன் இசைந்து நிற்கும். 128 வெளிப்படையாக இருண்டு தோன்றும். அதே சதுரங்கப் பரப்பைப் பாதியளவாகச் சுருக்கும்படி பணித்தால், பரவலாகப் பயன்படும் மென்பொருள்களுள் பல 0, 255 ஆகிய எண்களின் சராசரியை எடுத்து 128 என்று எழுதிவிடும். படம் சிறுத்ததோடு இருண்டும் போகிறது.

இந்தப் பிழையின் வேர், இன்று எந்தக் கடையிலும் விற்கப்படாத ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. எதிர்மின் கதிர்க் குழாய் என்று பாடநூல்களும் ‘பிக்சர் டியூப்’ என்று தொலைக்காட்சி பழுதுபார்ப்போரும் அழைத்த அந்தக் குழாய் வீடுகளிலிருந்து வெளியேறிவிட்டது. கல்லூரி ஆய்வகங்களிலிருந்தும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அதன் இயல்புகள் ஒவ்வொரு படக்கோப்பிலும், ஒவ்வொரு காணொளிக் கம்பியிலும் தங்கிவிட்டன. பட ஆய்வையும் இயந்திரக் கற்றலையும் தன் அடையாளமாகக் கொண்டுள்ள பெங்களூர், அக்குழாயை ஒரு காலத்தில் தன் தொழிற்சாலையிலேயே செய்த நகரம் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. குழாயைப் பற்றிய அறிவைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவது வெறும் பழைய பொருளைக் கழிப்பதாகாது. நிகழ்கால ஆய்வின் அடித்தளத்திலிருந்து ஒரு கல்லை உருவுவதாகும்.

குழாய் படத்தை எவ்வாறு உருவாக்கிற்று என்பதை முதலில் காண வேண்டும். காற்று முற்றிலும் அகற்றப்பட்ட கண்ணாடிக் கூண்டின் குறுகிய கழுத்துப் பகுதியில் எலக்ட்ரான் துப்பாக்கி அமைந்துள்ளது. சூடேற்றப்பட்ட எதிர்மின்வாய் உமிழும் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய கற்றையாகக் குவிக்கப்பட்டு முன்பக்கத் திரையை நோக்கி விரைகின்றன. வண்ணத் தொலைக்காட்சியில் அவற்றை இழுக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 25,000 வோல்ட். அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான் அடையும் வேகம் ஒளியின் வேகத்தில் 30 விழுக்காடு. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் விடையில் சில விழுக்காடு பிழை நேரும் அளவுக்கு அது பெரிய வேகம். சார்பியல் விளைவுகளை விண்மீன்களிடத்தும் துகள் முடுக்கிகளிடத்தும் மட்டுமே தேட வேண்டும் என்று எண்ணும் மாணவருக்கு, வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் மாலையில் இயங்கிய பெட்டிக்குள்ளேயே அவை இருந்தன என்பது வியப்பளிக்கும்.

குழாயின் கழுத்தைச் சுற்றி இரு இணைச் சுருள்கள் பொருத்தப்பட்டிருக்கும். பழுதுபார்ப்போர் இதை ‘யோக்’ என்பர். ஓரிணை கற்றையை இடமிருந்து வலமாகவும், மற்றோரிணை மேலிருந்து கீழாகவும் வளைக்கிறது. திரையின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருளைக் கற்றை தாக்கும் இடத்தில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றுகிறது. திரையில் எக்கணமும் இருப்பது அந்த ஒரு புள்ளியும், அது சற்று முன் கடந்து சென்ற இடங்களில் மங்கிவரும் ஒளியும் மட்டுமே. மிகக் குறுகிய திறப்பு நேரத்தில் எடுத்த ஒளிப்படம் எதிலும் முழுப் படம் தென்படாது. ஒரு மெல்லிய ஒளிப்பட்டையே தென்படும். செய்தி வாசிப்பவரின் முகம் முழுமையாகத் திரையில் இருந்த கணம் ஒன்றுகூட இல்லை. பார்ப்பவரின் கண்ணும் மூளையுமே அதை முழுமையாக்கின.

இந்தியா ஏற்ற முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். நொடிக்கு 25 முறை மட்டும் திரை ஒளிர்ந்தால் கண்ணுக்குத் துடிப்பு தெரியும் என்பதால், ஒற்றைப்படை வரிகள் முதலிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்தும் வரையப்பட்டு, நொடிக்கு 50 அரைப்படங்கள் காட்டப்பட்டன. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ் என்பது தற்செயலன்று. மின்னிணைப்பின் குறுக்கீடு படத்தில் ஊர்ந்து செல்லாதிருக்க இரண்டையும் ஒன்றாக வைத்தனர். 625ஐ 25ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,625 வரிகள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து சிறுவர்களுக்குக் கேட்டு முதியவர்களுக்குக் கேளாதிருந்த மெல்லிய கீச்சொலி, இந்த 15,625 ஹெர்ட்ஸ்தான். ஒரு வரிக்குக் கிடைக்கும் காலம் 64 மைக்ரோநொடி. அதில் படத்துக்கு உரியது 52. எஞ்சிய 12 மைக்ரோநொடிகளில் கற்றை அணைக்கப்பட்டு, இடப்பக்கத்துக்குத் திரும்பி நிலைகொள்கிறது. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையை 52 மைக்ரோநொடியில் கடக்கும் ஒளிப்புள்ளியின் வேகம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர். புவியைத் தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகமும் ஏறத்தாழ அதுவே. செயற்கைக்கோள்களைக் கட்டும் நகரத்தில் இந்த ஒப்புமை ஒரு வகுப்பறை நேரத்துக்கு உரியது.

இனி 128இன் கதைக்கு வரலாம். துப்பாக்கியின் கட்டுப்பாட்டு மின்வாயில் இடப்படும் மின்னழுத்தம் இரு மடங்கானால், கற்றையின் மின்னோட்டம் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்குக்கும் மேலாகிறது. திரையின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 2.2 முதல் 2.5 வரையிலான அடுக்காக உயர்கிறது. இவ்வடுக்கையே ‘காமா’ என்பர். பலர் கருதுவதுபோல இஃது ஒளிர்பொருளின் குணமன்று. எலக்ட்ரான் துப்பாக்கியின் குணம். ஒளிபரப்பு தொடங்கிய காலத்துப் பொறியாளர்கள் இக்கோணலை எங்கே நேர்செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் ஒரு திருத்தச் சுற்றை வைத்தால் ஒவ்வொரு பெட்டியின் விலையும் உயரும். ஆகவே அனுப்பும் இடத்திலேயே, நிலையத்தின் ஒளிப்படக் கருவியிலேயே, சமிக்ஞையை எதிர்த்திசையில் கோணலாக்கி அனுப்பினர். ஒரு சில நிலையங்கள் சுமந்த அந்தச் செலவு கோடிக்கணக்கான வீடுகளுக்கு மிச்சமாயிற்று.

கணினித் திரைகளும் அதே குழாயால் ஆனவை. எனவே 1990களின் பிற்பகுதியில் கணினிப் படங்களுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. எனும் வண்ணத் தரம் வகுக்கப்பட்டபோது, அன்று மேசைகளில் இருந்த குழாய்த் திரைகளின் இயல்பே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஜேபெக் படங்களும், இணையத்திலிருந்து திரட்டி இயந்திரக் கற்றலுக்கு ஊட்டப்படும் ஒளிப்படங்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலோ அதன் நெருங்கிய உறவுடைய கணக்குகளிலோதான் எழுதப்பட்டுள்ளன. திரவப் படிகத் திரைக்கு இந்தக் கோணல் இயற்கையன்று. பழைய குழாயைப் போல நடந்துகொள்ளும்படி அது பழக்கப்படுத்தப்பட்டுள்ளது.

நேர்மையான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். மனிதக் கண் இருளில் உள்ள சிறு வேறுபாடுகளை வெளிச்சத்தில் உள்ளவற்றைவிட நுட்பமாக உணர்கிறது. காமாவின் எதிர்வளைவும் இருண்ட நிழல்களுக்கு மிகுதியான எண்களை ஒதுக்குகிறது. இரண்டும் ஏறத்தாழப் பொருந்துவதால், குழாய் மறைந்த பின்னும் இக்கணக்கு பயனுள்ளதாகவே இருக்கிறது. வெறும் எட்டு பிட்டுகளில் ஒரு படத்தைக் கண்ணுக்கு உறுத்தாமல் எழுத முடிகிறது. இது முற்றிலும் சரி. குழாயின் மரபு தீயது என்பது இங்கு வாதமன்று. அந்த மரபு இருப்பதே தெரியாமல் எண்களைக் கையாள்வது தீங்கு என்பதே வாதம். பெங்களூரின் ஆய்வகம் ஒன்றில், தொலையுணர்வுச் செயற்கைக்கோளின் தரவையும் வயலில் கைப்பேசியால் எடுத்த இலைப் படங்களையும் ஒருங்கே வைத்துப் பயிரின் பசுமையை அளக்க முயலும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். செயற்கைக்கோள் உணரியின் எண்கள், உரிய அளவுத்திருத்தத்துக்குப் பின், வந்தடைந்த ஒளியோடு நேர்விகிதத்தில் உள்ளவை. கைப்பேசிப் படத்தின் எண்கள் குழாயின் கணக்கில் வளைந்தவை. அதன்மேல் கருவியின் தனித் திருத்தங்களும் ஏறியவை. இரண்டையும் ஒரே நிரலில் இட்டுக் கழித்தும் வகுத்தும் பெறும் குறியீட்டு எண்ணுக்கு இயற்பியல் பொருள் இல்லை. கட்டுரை அச்சாகிவிடக்கூடும்; முடிவும் அழகான வரைபடமாக அமையக்கூடும். பிழை அடியில் கிடக்கும்.

குழாயின் மற்றொரு மரபு கம்பிகளில் ஓடுகிறது. கற்றை இடப்பக்கம் திரும்புவதற்காக விடப்பட்ட அந்த 12 மைக்ரோநொடி, 64இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இன்றைய முழு உயர்தெளிவுப் படத்தில் கண்ணுக்குத் தெரிவது 1,920க்கு 1,080 பிக்சல்கள். ஆனால் எச்.டி.எம்.ஐ. கம்பியில் வழக்கமாகச் செல்லும் சட்டகம் 2,200க்கு 1,125 இடங்களைக் கொண்டது. ஏறத்தாழ 16 விழுக்காடு நேரம் படமே செல்வதில்லை. திரும்பிவர வேண்டிய கற்றை எதுவும் இல்லாத திரைக்கு, கற்றை திரும்பும் நேரம் இன்னும் ஒதுக்கப்படுகிறது. அந்த வெற்றிடம் வீணாகவும் விடப்படவில்லை. ஒலித்தரவு அவ்விடைவெளியில்தான் பயணம் செய்கிறது. பழைய வீட்டின் மாட்டுக்கொட்டிலை வாகனம் நிறுத்தும் இடமாக்கிக்கொள்வது போன்றது இது. இந்த அமைப்பின் காரணம் தெரியாத பொறியாளர் அதை மனப்பாடம் செய்ய வேண்டும், தெரிந்தவர் புரிந்துகொள்கிறார்.

பெங்களூருக்கும் இக்குழாய்க்கும் உள்ள உறவு வெறும் பயனரின் உறவன்று. 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஜாலஹள்ளியில் முதலில் செய்தித்தொடர்புக் கருவிகளையும், 1961இல் வானொலிக்கான வால்வுகளையும் தயாரிக்கத் தொடங்கியது. 1970இல் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கான படக்குழாய் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு இருந்த ஒரே நகரம் தில்லி. மும்பைக்கு 1972இலும் சென்னைக்கு 1975இலும் ஒளிபரப்பு வந்தது. பெங்களூரின் சொந்த நிலையம் 1981இல்தான் இயங்கத் தொடங்கியது. தம் நகரத்தில் படம் தெரிவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் இருக்கையிலேயே, படம் தெரியும் கண்ணாடியைச் செய்தவர்கள் ஜாலஹள்ளித் தொழிலாளர்கள்.

அந்த வேலை எளிதன்று. கூண்டுக்குள் உயர்ந்த வெற்றிடத்தை உண்டாக்க வேண்டும். பல ஆண்டுகள் அது குலையாமல் காக்கவும் வேண்டும். ஒளிர்பொருளைச் சீராகப் படியவைக்க வேண்டும். கண்ணாடியும் உலோகமும் ஒன்றோடொன்று இசைந்து விரியும்படி ஒட்ட வேண்டும். மயிரிழை விலகலும் குவியத்தைக் கெடுக்கும் துப்பாக்கியைக் கழுத்தினுள் நேராக நிறுத்த வேண்டும். வெற்றிட நுட்பம், கண்ணாடி நுட்பம், மின்னியல், வேதியியல் ஆகிய நான்கும் ஒரே பொருளில் கூடிய தொழிற்பயிற்சி அது. இன்று குறைக்கடத்தித் தொழிற்சாலைகளுக்குத் தேர்ந்த கைகள் இல்லையே என்று கவலைப்படும் கொள்கை வகுப்போர், இத்தகைய கைகள் ஒரு தலைமுறைக்கு முன் இந்நகரத்தில் எவ்வாறு உருவாயின என்று ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும். 1970இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எழுபத்தைந்தை எட்டியிருப்பார். கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று பல மொழி பேசிய அத்தலைமுறையின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் குறைவு. மென்பொருள் நிறுவனங்களின் எழுச்சியைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்ட நகரத்தில், படக்குழாய் செய்தவர்களின் கைப்பழக்கம் ஆய்வேட்டுத் தலைப்பாக எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இது பழமை மீதான ஏக்கம் என்பது. குழாய் கனமானது, மின்சாரத்தை மிகுதியாகக் குடித்தது, வண்ணக் குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈயச் சேர்மம் உண்டு. அது வழக்கொழிந்ததில் வருந்த ஏதுமில்லை. தமிழ்நாட்டு அரசு 2006க்கும் 2011க்கும் இடையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளை விலையின்றி வழங்கியது. 14 அங்குலக் குழாய் கொண்ட அப்பெட்டிகளின் ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது முடிந்துகொண்டிருக்கிறது. முன்பு பழைய குழாயின் கண்ணாடியை உருக்கிப் புதிய குழாய் செய்யலாம் என்ற வழி இருந்தது. புதிய குழாய் செய்வோர் இல்லாது போனதும் அவ்வழியும் அடைபட்டது. பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் முறையான மின்னணுக் கழிவுப் பிரிப்பு 2005 முதலே நடைபெறுகிறது. ஆயினும் செம்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் குப்பைமேட்டில் எறியும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. ஈயம் எங்கே உள்ளது, எந்தப் பகுதியில் இல்லை, உடைக்கும்போது வெற்றிடம் ஏன் கண்ணாடியை உள்நோக்கி நொறுக்கி வெளியே தெறிக்கவைக்கிறது என்பனவெல்லாம் குழாயைப் படித்தவர்க்கே தெரியும். குழாயைப் பற்றிய அறிவு அதைக் காப்பாற்றுவதற்கு மட்டுமின்றி, அதைத் தீங்கின்றி அழிப்பதற்கும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, சூத்திரம் போதும் என்பது. எஸ்.ஆர்.ஜி.பி. எண்ணை ஒளியாக மாற்றும் சமன்பாடு ஒற்றை வரியில் அடங்கும். அதைக் கற்பித்தால் முடிந்தது, குழாய் எதற்கு? நடைமுறை வேறாக உள்ளது. காரணம் அறியாது கற்ற சூத்திரம் தேர்வோடு மறக்கப்படுகிறது. எங்கு இட வேண்டும், எங்கு இடக்கூடாது என்ற தெளிவும் அதனால் கிடைப்பதில்லை. அணைப்பின் கூர்முனைபோல் ஒரே ஒரு புள்ளி கண்ணெதிரே நகர்ந்து கோடாகி, கோடுகள் கூடிப் படமாவதை ஒருமுறை கண்ட மாணவர், படம் என்பது காலத்தில் வரிசைப்படுத்தப்பட்ட மின்னழுத்தம் என்பதை மறப்பதில்லை. அதன் பின் காமா அவருக்கு ஓர் இயந்திரத்தின் குணமாகவே தெரியும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. புதிய உயர் ஒளிவீச்சுத் தரங்கள் குழாயைக் கைவிட்டுவிட்டன. 2014இல் வகுக்கப்பட்ட பி.க்யூ. எனும் வளைவு மனிதப் பார்வையின் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டது. குழாய்க்கு அதில் இடமில்லை. ஆகவே காலப்போக்கில் இச்சிக்கல் தானே தீரும் என்பர். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட படங்கள் எங்கும் போய்விடுவதில்லை. கடந்த பல பத்தாண்டுகளின் ஒளிப்படங்களும் நிகழ்படங்களும் மருத்துவ, வேளாண், வரலாற்று ஆவணங்களும் பழைய கணக்கிலேயே கிடக்கின்றன. இயந்திரங்கள் உலகைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படங்களிலிருந்துதான். ஓலைச்சுவடியைப் படிக்கப் பழைய எழுத்துமுறை தெரிந்திருக்க வேண்டும். அச்சு வந்துவிட்டது என்பதால் சுவடியின் எழுத்து தானே மாறிவிடாது.

செய்ய வேண்டியவை பெரியனவல்ல. பல்கலைக்கழக ஆய்வகங்கள் பழைய கதோடுக் கதிர் அலைகாட்டிகளைக் கழித்துவிட்டு எண்முறை அலைகாட்டிகளை வாங்குகின்றன, அது தேவையே. ஆனால் ஒவ்வோர் இயற்பியல் துறையும், மின்னணுவியல் துறையும் இயங்கும் நிலையில் உள்ள ஒரு பழைய அலைகாட்டியையும் ஒரு படக்குழாய்ப் பெட்டியையும் கழிவுப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் குழாயில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும் என்பதால், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே திறக்க வேண்டும். எஸ்.பி. சாலைக் கடைகளின் பின்னறைகளில் இன்னும் இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த முதியவர்கள் இருப்பார்கள். அவர்களை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து உரிய மதிப்பூதியம் கொடுப்பதில் எந்தத் துறையின் கௌரவமும் குறையாது. கஸ்தூர்பா சாலையிலுள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஜாலஹள்ளிக் குழாயின் கதைக்கு ஒரு தனி இடம் பொருத்தமாக இருக்கும். வரலாறு, சமூகவியல் துறைகளின் ஆய்வு மாணவர்கள் அதன் தொழிலாளர்களைத் தேடிச் செல்லலாம். பட ஆய்வு கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே சதுரங்கப் பரப்பையும் 128ஐயும் 188ஐயும் மாணவர் முன் வைக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டா, குழு அமைப்பும் வேண்டா.

1926 டிசம்பரில் ஜப்பானின் கென்ஜிரோ தகயனாகி எதிர்மின் கதிர்க் குழாயின் திரையில் ஒரே ஓர் எழுத்தைத் தோன்றச் செய்தார். அது ‘இ’ என்று ஒலிக்கும் ஜப்பானிய எழுத்து. நாற்பது வரிகளில் அமைந்த அந்த மங்கலான எழுத்துக்கும், இன்று பெங்களூரின் ஆய்வகத் திரையில் தெரியும் படத்துக்கும் இடையே ஒரு தொடர் இருக்கிறது. வரிவரியாக, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்ணப்படும் பிக்சல்களின் ஒழுங்கு அதுவே. அந்தத் தொடரின் நடுக்கண்ணி ஜாலஹள்ளியிலும் வார்க்கப்பட்டது. அடுத்த முறை கழிவுப் பட்டியலில் கையொப்பமிடும் துறைத்தலைவர், ‘பழுதடைந்த பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள வரிகளை ஒருமுறை நின்று படிப்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறிவிடும்.